வரும் முன், வந்த பின்: ஜப்பானிய மொழியின் காலத் தொடர்கள்

ஒரு செயல் நடக்கும்போதோ, நடப்பதற்கு முன்போ, நடந்து முடிந்த பின்போ இன்னொன்று நிகழ்ந்ததாகச் சொல்லும் தொடர்கள் இல்லாமல் அன்றாடப் பேச்சு நகராது என்பதால், ஜப்பானிய மொழியின் தொடக்கநிலைப் பாடநூல்கள் அவற்றைத் தவணை தவணையாகக் கற்பிக்கின்றன. பரவலாகப் பயன்படும் ‘மின்னா நோ நிஹோங்கோ’ என்னும் நூலில், ‘முன்’ என்று பொருள்படும் ‘மயே நி’ 18ஆம் பாடத்திலும், ‘போது’ என்று பொருள்படும் ‘தொகி’ 23ஆம் பாடத்திலும், ‘பின்’ என்னும் ‘அத்தோ தே’ 34ஆம் பாடத்திலும் வருகின்றன. (தமிழ் எழுத்தில் இவற்றின் ஒலி ஓரளவே பிடிபடும்.) ஆங்கிலத்தில் காலம் காட்டும் இணைப்புச் சொல் துணைத் தொடரின் தலையில் நிற்க, ஜப்பானிய மொழியில் அது வாலில் வருவதால், ஆங்கிலத்தின் வழியே கற்பவர் முதலில் தடுமாறுவது இயல்பு. தமிழருக்கு அந்த வால் புதிதன்று.

‘தொகி’ என்பது ‘நேரம், பொழுது’ என்று பொருள்படும் பெயர்ச்சொல். தமிழின் ‘போது’வும் ‘பொழுது’ என்னும் பெயரின் குறுகிய வடிவமே. ‘வந்த’ என்னும் பெயரெச்சம் அந்தப் பெயரைத் தழுவி ‘வந்தபோது’ ஆவதைப் போலவே, ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வேறு ஒட்டு எதுவும் பெறாமல் ‘தொகி’க்கு முன் வந்து நின்று அதைத் தழுவுகிறது. இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளுக்கும் பிறப்புறவே உண்டென்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயரெச்சம் என்னும் கருத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்ட தமிழ் மாணவருக்கு இந்தப் பாடத்தின் பாதி முன்பே தெரியும் என்பதில் ஐயமில்லை.

முன்னும் பின்னும் இன்னும் எளியவை. ‘வருமுன் காப்போம்’ என்பதிலும் ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்பதிலும் ‘முன்’னுக்கு முந்தி இன்னும் நடவாததைச் சொல்லும் வடிவமும், ‘பின்’னுக்கு முந்தி நடந்து முடிந்ததைச் சொல்லும் வடிவமும் வருவதைக் காணலாம், ‘வந்த முன்’ என்று தமிழர் எவரும் சொல்வதில்லை. ஜப்பானிய விதியும் இதுவே: முழு வாக்கியமும் நேற்றைய கதையாக இருந்தாலும், ‘மயே நி’க்கு முன் இறந்தகாலமல்லாத வடிவமும், ‘அத்தோ தே’க்கு முன் இறந்தகால வடிவமுமே வர வேண்டும். ‘தூங்கும் முன் படித்தேன்’ என்பது ‘நெரு மயே நி யோமிமாஷ்தா’. ‘நெரு’வுக்குப் பதிலாக ‘நெத்தா’ என்று இறந்தகாலத்தை வைப்பது ஆங்கிலத்தை மனத்தில் வைத்து மொழிபெயர்ப்பதால் நேரும் பிழை.

தமிழின் துணை ‘தொகி’யில்தான் கைவிடுகிறது. ‘அப்பா வரும்போது தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்றும் ‘வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்றும் தமிழர் வேறுபாடு பாராட்டாமல் சொல்வதுண்டு. ஜப்பானிய மொழியோ, துணைச்செயல் முடிந்துவிட்டதா, இன்னும் முடியவில்லையா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கிறது. ‘ஜப்பானுக்கு இக்கு (போகும்) தொகி பெட்டி வாங்கினேன்’ என்றால், போய்ச் சேருமுன், ஊரிலோ வழியிலோ வாங்கியது. ‘இத்தா (போன) தொகி’ என்றால் ஜப்பானில் வாங்கியது. வீடு திரும்புதலைக் குறிக்கும் வினையில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘கயெரு தொகி’, அதாவது இன்னும் அலுவலகத்தில் நிற்கும் நிலையில், ஊழியர் மற்றவர்களைப் பார்த்து ‘ஒசாகி நி ஷித்சுரே ஷிமாஸ்’ என்று, அவர்களுக்கு முன்னதாகக் கிளம்புவதற்கு மன்னிப்புக் கேட்கும் பாவனையில் விடைபெறுகிறார். ‘கயெத்தா தொகி’, அதாவது வீட்டு வாசலுக்குள் கால் வைத்த நிலையில், ‘ததாய்மா’ என்று வரவை அறிவிக்கிறார். வினையின் ஈறு மாறினால் ஆள் நிற்கும் இடமே மாறிவிடுகிறது.

இதைவிடத் தமிழருக்கு வியப்பூட்டுவது, வரப்போகும் நிகழ்ச்சிக்கும் அந்த இறந்தகால வடிவமே வருவதாகும். ‘அடுத்த ஆண்டு ஜப்பானுக்கு இத்தா தொகி ஃபுஜி மலையைப் பார்ப்பேன்’ என்பது ஜப்பானிய மொழியில் பிழையற்ற வாக்கியம். தமிழில் ‘அடுத்த ஆண்டு போனபோது பார்ப்பேன்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். ஆயினும் ‘போனதும் பார்ப்பேன்’, ‘போன பிறகு பார்ப்பேன்’ என்று தமிழிலும் சொல்ல முடிகிறது என்பதை நினைவில் கொண்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். அங்கே ‘போன’ என்பது கடந்துபோன நாளைக் குறிப்பதில்லை, அடுத்த செயலுக்கு முன் முடிந்துவிடுவதையே குறிக்கிறது. ஜப்பானிய மொழி இந்த நோக்கைத் ‘தொகி’க்கும் நீட்டியிருக்கிறது.

எல்லையைச் சொல்லும் ‘மாதே’, ‘மாதே நி’ என்னும் இணையில் நிலைமை மீண்டும் தமிழருக்குச் சாதகமாகிறது. முன்னது ‘வரை’, பின்னது ‘க்குள்’. ‘5 மணி வரை காத்திருங்கள்’ என்பதற்கும் ‘5 மணிக்குள் கொடுங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும்; ஜப்பானிய மொழியில் அந்த வேறுபாடு முழுவதும் ‘நி’ என்னும் ஓரசையில் தொங்குகிறது. அதை விட்டுவிட்டால், ஒரு படிவத்தை 5 மணிக்குள் தரச் சொல்ல நினைத்தவர், 5 மணி வரை தந்துகொண்டே இருக்கச் சொன்னவராகிவிடுவார்.

அடுத்த நிலைப் பாடங்களில் வரும் ‘உச்சி நி’யும் இந்தக் குடும்பத்தோடு ஒட்டியதே. தமிழ்க் காதுக்கு மேட்டைச் சொல்லும் ‘உச்சி’ ஜப்பானிய மொழியில் உள்ளைச் சொல்வது. உணவைப் பரிமாறி ‘ஸமெனாய் உச்சி நி’ என்றால் ‘ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்’ என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ‘ஆறாத நிலைக்குள்’ என்றே அமைகிறது. சூடு இன்னும் ஆறாமல் நீடிக்கும் நேரத்தை ஓர் அறையாகப் பாவித்து, அதன் உள்ளே இருக்கும்போதே செயலை முடிக்கச் சொல்வதால்தான் அங்கே எதிர்மறை வருகிறது. தமிழின் ‘க்குள்’ அந்த எதிர்மறையைக் கேட்பதில்லை.

சென்னையிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான ‘என் 5’க்குப் படிப்பவர்கள், குறிப்பேட்டில் இச்சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதாமல் ‘போது’, ‘முன்’, ‘பின்’, ‘வரை’, ‘க்குள்’ என்று எழுதிக்கொள்ளட்டும். ‘தொகி’க்கு எதிரே மட்டும் ‘முடிந்ததா?’ என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.