மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கு அனுப்பினேன்?

எங்களுடையது ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். சுற்றிலும் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை. ஆனால், குழம்புக்குக் காய் வேண்டுமென்றால் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் கையெல்லாம் மண்ணோடு வந்து, "பள்ளிக்கூடத்துல பாத்தி போட்டோம்மா" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! மறுநாளே போய், "நாங்கதான் காட்டுல கிடந்து கஷ்டப்படறோம், பிள்ளைகளையும் மண்வெட்டி பிடிக்க வைக்கிறீங்களே" என்று சத்தம் போட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "வாரத்துக்கு ரெண்டு நாள், அரை மணி நேரந்தானுங்க. எல்லாப் பள்ளியிலும் தோட்டம் போடச் சொல்லி மத்திய அரசே 2019-ல வழிகாட்டி வெளியிட்டிருக்கு. உங்களுக்கு விவசாயம் தெரியும், வந்து சொல்லிக் குடுங்களேன்" என்றார். என்ன பதில் சொல்வது?

முதல் தடவை கெடுத்ததே நான்தான். ஒரு மூட்டை கோழி எருவை மக்க வைக்காமல் பச்சையாகவே போட்டேன். தக்காளி, கத்தரி நாற்று எல்லாம் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. "பச்சை எரு சூடுன்னு தெரியாதா கண்ணு?" என்று சிரித்த என் மாமியார், அடுத்த தடவை தானே கிளம்பி வந்துவிட்டார். களையென்று பிள்ளைகள் பிடுங்கிப் போட்டதில் இருந்து பண்ணைக்கீரை, தொய்யக்கீரையைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார். (எனக்கே பாதி தெரியாது!) ஆடு புகாமலிருக்க, கிளுவைப் போத்து நட்டு வேலி போட்டதும் அவர் யோசனைதான்.

தண்ணீர்தான் பெரிய பாடு. பிள்ளைகள் தட்டு, கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி முருங்கைக்கும் பப்பாளிக்கும் விட்டோம். சத்துணவு முட்டை ஓடுகளை நொறுக்கி மண்ணில் போட்டோம். காய் விலை ஏறும் மாதங்களில் சமையலம்மாவுக்கு அந்த முருங்கைக்கீரை பெரிய கைகொடுப்பு.

மகளுக்கு ரத்தச்சோகை என்று நர்ஸ் மாத்திரை கொடுத்திருந்தார். கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறவள், 'நான் விதைச்சது' என்று கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும், சாப்பிட்டதும் டீ குடித்தால் சேராது என்று நர்ஸ் சொன்னதால், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாட்டுக்குப் பின் டீ கிடையாது. அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. மாத்திரையாலா, கீரையாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் நிறுத்தவில்லை.

மே மாத லீவில் எட்டு அம்மாக்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். போன வருடம் கத்தரிக்காய் பங்கு பிரிப்பதில் இருவருக்குள் சண்டை வந்து, ஒரு மாதம் பேச்சே இல்லை. இப்போது பறிப்பவர் நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தோட்டம் போட நினைப்பவர்கள், விதைக்கு முன் நோட்டு வாங்கிவிடுங்கள்!

மகள் இப்போது ஆறாம் வகுப்பு. புதுப் பள்ளியில் தோட்டம் இல்லை. போன வாரம் தலைமையாசிரியரிடம், "குழாயடி பக்கம் சும்மா கிடக்கிற இடத்துல பாத்தி போடலாமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாமியார் விதை எடுத்து வைத்துவிட்டார்.

— ஒரு வாசகி, ராசிபுரம்.