அலைக்கிறாரா, அழைக்கிறாரா?

சில ஆண்டுகளுக்கு முன் கோடியக்கரையில் மறைக்கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்ந்தது இது. மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் குறிப்பேட்டில், "ஆண்டவர் நம்மை அலைக்கிறார்" என்று எழுதியிருந்தான். "அழைக்கிறார்" என்பதே அவன் எண்ணியது. நான் அதை உரக்கப் படித்து, "ஆண்டவர் உன்னை எங்கே தம்பி அலைக்கழித்தார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த ஞாயிறு முதல் திருப்பலியில் வாசகம் படிக்க அவன் முன்வரவில்லை.

காரணம் அறிய வீட்டுக்குச் சென்றேன். அவன் தாய் சொன்னார்: "சாமி, நாங்க வூட்டுல பேசுறதைத்தானே அவன் எழுதுறான்? புள்ள மேல என்ன குத்தம்?" அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பெற்றோரே, சிந்திப்போம். ஆங்கிலத்தில் கடலுக்கும் "சீ", பார் என்பதற்கும் "சீ". சூரியனும் "சன்", மகனும் "சன்". அங்கே ஒலி ஒன்றே. எழுத்துக்கூட்டலை மனத்தில் பதிப்பதன்றி வேறு வழியில்லை. தமிழின் நிலை வேறு. ல, ள, ழ ஆகிய மூன்றும் நாவினால் பிரித்து ஒலிக்கத்தக்கவை. லகரத்திற்கு நாவின் விளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்தும். ளகரத்திற்கு அண்ணத்தைத் தடவும். ழகரத்திற்கு நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும். தொல்காப்பியர் இவற்றைப் பிறப்பியலில் வகுத்துரைத்துள்ளார். நாமோ வீட்டில் "வாளப்பளம்" என்கிறோம். நம் வாயில் மயங்கிய ஒலி பிள்ளையின் கையில் பிழையாகிறது.

ஓர் எழுத்தால் எவ்வளவு மாறும்? நம் அண்டை ஊராகிய வேதாரணியத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. மறை என்பது வேதம். மரை என்பது மானினத்துள் ஒன்று. மரைக்காடே மறைக்காடாகத் திரிந்து, பின் வேதாரணியம் என மொழிபெயர்க்கப்பட்டது எனக் கருதும் அறிஞரும் உளர். வெளிமான்கள் இன்றும் மேயும் இக்கடற்கரையில் இருந்துகொண்டு அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

எழுத்து மயக்கத்தைத் தீர்க்க முற்பட்ட ஒருவரை நம் திருச்சபை நன்கறியும். 1680-இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், வளர்ந்த பின்னரே தமிழ் கற்றவர். அக்காலத்து ஓலைகளில் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தமையால் "கொடி"யும் "கோடி"யும் ஒரே வடிவில் நின்றன. நம் கோடியக்கரையையே கொடியக்கரை என்றும் படிக்கலாம்! நெடிலுக்குச் சுழித்த கொம்பு தந்து அம்மயக்கத்தை நீக்கியவர் அவர். 1732-இல் சதுரகராதியையும் தொகுத்தார். தடுமாறுபவரைப் பழித்து நில்லாமல் பாதையைச் செப்பனிட்டார். நாமும் அவ்வாறே செய்தல் நன்று.

முதலாவது, பிள்ளை அறிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். வலையில் மீன், வளையில் நண்டு. கரையில் படகு, சட்டையில் கறை. வாளை கடலில், வாழை தோட்டத்தில். பறவை தேடுவது இரை. நாம் தேடுவது இறை.

இரண்டாவது, இணைச்சொற்களை ஒரே வாக்கியத்தில் அமைத்து, நாள்தோறும் இரவுச் செபத்திற்குப்பின் ஐந்து நிமிடம் உரக்கச் சொல்லச் செய்யுங்கள். பெற்றோரும் உடன் சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, எளிய விதிகளைக் கற்பியுங்கள். டகரத்திற்கு முன் ண், தகரத்திற்கு முன் ந், றகரத்திற்கு முன் ன்: வண்டு, பந்து, கன்று. ரகர ஒற்று இரட்டிக்காது; ஆகவே காற்று, நேற்று, ஊற்று என இரட்டிக்கும் இடமெல்லாம் றகரமே.

நான்காவது, பிறர் முன் திருத்தாதீர்கள். இது நான் பட்டறிந்த பாடம்.

அச்சிறுவனிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். பின்பு, "உன் தொழிற்சொற்களை எனக்குக் கற்றுத் தா" என்றேன். வாளை, வலை, வளை என அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓரிடத்தில் நான் தவறினேன், அவன் திருத்தினான். சில வாரங்களுக்குப்பின் ஒரு ஞாயிறன்று, தானே வாசக மேடைக்கு வந்தான். "அழைத்தார்" என்ற சொல் வந்த இடத்தில் சற்று நின்றான். நாவை வளைத்துத் தெளிவாக ஒலித்தான். கோவிலில் எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் தாய் மட்டும் மெல்ல உதடசைத்து அச்சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.