அலையை அடக்கிய பறவை

செத்த மீன்கொத்தியை உலர்த்திக் கயிற்றில் தொங்கவிட்டால், காற்று வரும் திசையை அது காட்டும் என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினார்கள். நார்விச் நகர மருத்துவர் தாமஸ் பிரௌன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். முறுக்கில்லாத பட்டு இழையில், ஒரே அறையில் இரண்டு பறவைகள். ஒன்று ஒரு பக்கம் பார்த்தது, மற்றது எதிர்ப்பக்கம். 1646இல் வந்த தம் நூலில் அதை எழுதிவைத்தார்.

காற்றுக்கும் மீன்கொத்திக்கும் உள்ள இந்த உறவு கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஹால்சியன்’ என்ற ஆங்கிலப் பெயரடையும் அங்கிருந்து வந்ததுதான். அலை ஓய்ந்த, நிம்மதியான என்று பொருள். பெரும்பாலும், கடந்துபோன நல்ல காலத்தைச் சொல்லத்தான் இதை எடுப்பார்கள்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை இது. அல்கியோனி என்பவளின் கணவன் கீயக்ஸ் கப்பல் உடைந்து இறக்கிறான். அலையில் மிதந்து வரும் உடலைப் பார்த்த அல்கியோனி கடலை நோக்கிப் பாய்கிறாள். பாய்ந்தவள் பறவையாகிறாள், அவனும் பறவையாகிறான். குளிர்காலத்தில் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அவள் அடைகாக்கும் ஏழு நாளும், காற்றுகளின் தலைவனான அவள் தகப்பன் அயோலஸ் காற்றை வெளியே விடுவதில்லை.

கதை சொல்லையே மாற்றிவிட்டது. கிரேக்கத்தில் மீன்கொத்தியின் பெயர் ‘அல்கியோன்’; முதலில் ‘ஹ’ கிடையாது. ‘ஹால்ஸ்’ என்றால் கடல், ‘கியோன்’ என்றால் கருவுறுவது. ‘கடலில் கருவுறுவது’ என்று யாரோ பிரித்துப் பொருள் சொல்ல, ‘ஹ’ வந்து ஒட்டிக்கொண்டது. இல்லாத கூட்டுக்காக வந்த எழுத்து இன்றும் நிற்பது எனக்குத் தீராத வியப்பு.

எந்த மீன்கொத்தியும் கடல்மேல் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலானவை மண்கரையைக் குடைந்து, இருட்டான வளையின் கோடியில் வெள்ளை வெளேரென்று முட்டையிடுகின்றன. ஆனால் அந்த அமைதி மெய்தான். நடுக்குளிர்காலத்தில் கிரேக்கத்தின் மேல் உயர் காற்றழுத்தம் நிலைகொண்டால், சில நாள் காற்று அடங்கி இதமாக வெயில் அடிக்கும். ‘அல்கியோன் நாள்கள்’ என்றே அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

நம் ஊர் வெண்மார்பு மீன்கொத்திக்கும் அறிவியல் வைத்த பெயர் ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ். வயலோர மின்கம்பியில் காப்பிக்கொட்டை நிறத் தலையும் சிவந்த அலகுமாக உட்கார்ந்திருக்கும். சட்டென்று பாயும்போது முதுகின் நீலம் பளீரிடும். பல நேரம் அது பாய்வது தண்ணீருக்குள் அல்ல, காய்ந்த வரப்பின் மேல். திரும்பும்போது அலகில் ஒரு வெட்டுக்கிளி இருக்கும்.