டிரீ-சிட்டர்

டிரீ-சிட்டர் என்பது பல நிரல்மொழிகளில் எழுதப்பட்ட மூலநிரல்களைப் பாகுபடுத்தி, அவற்றின் அமைப்பைத் தொடரியல் மரமாகத் தரும் ஒரு கட்டற்ற மென்பொருள் நிரலகம் ஆகும். இது எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. முதலில் உரைத்தொகுப்பிகளுக்காக உருவாக்கப்பட்ட இந்நிரலகம், இன்று பெரிய மொழி மாதிரிகளுக்கு மூலநிரலைப் பகுத்து வழங்கும் கருவிகள் பலவற்றின் அடிப்படையாகவும் விளங்குகிறது.

வரலாறு

டிரீ-சிட்டரை உருவாக்கியவர் மேக்சு பிரன்சுபெல்டு. கிட்கப் நிறுவனத்தில் ஆட்டம் என்னும் உரைத்தொகுப்பியை உருவாக்கிய குழுவில் இவர் பணியாற்றினார். 2018 ஆம் ஆண்டில் ஆட்டம் தொகுப்பியில் இது சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் நிரலை வண்ணமிட்டுக் காட்டுவதற்குப் பெரும்பாலும் சுருங்குறித்தொடர்களே பயன்பட்டன. அவை ஒவ்வொரு வரியாகப் பொருத்திப் பார்ப்பவை என்பதால், ஒன்றினுள் ஒன்றாக அமையும் நிரற்கட்டமைப்புகளைச் சரியாக அறிய இயலவில்லை.

இதன் கோட்பாட்டு அடிப்படை, டிம் வாக்னர், சூசன் கிரகாம் ஆகியோர் 1990களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்த படிமுறைப் பாகுபடுத்தல் ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது. ஆட்டம் தொகுப்பி 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோதும் டிரீ-சிட்டர் தொடர்ந்து வளர்ந்தது. நியோவிம் தொகுப்பியின் 0.5 பதிப்பிலும் (2021), ஈமாக்சின் 29.1 பதிப்பிலும் (2023) இது இணைக்கப்பட்டது.

செயற்படும் விதம்

ஒவ்வொரு நிரல்மொழிக்கும் அதன் இலக்கணம் யாவாசிகிரிப்டு கோப்பு ஒன்றில் விதிகளாக எழுதப்படுகிறது. டிரீ-சிட்டரின் கட்டளைக் கருவி அவ்விதிகளைப் படித்து, சி மொழியில் ஒரு பாகுபடுத்தியை உருவாக்கித் தருகிறது. பைத்தான் மொழியில் வரித்தொடக்க இடைவெளியே நிரற்பகுதியின் எல்லையைக் குறிப்பதால், இலக்கண விதிகள் மட்டும் போதுவதில்லை. இத்தகைய இடங்களுக்குக் கையால் எழுதப்பட்ட வருடி ஒன்று துணையாகச் சேர்க்கப்படுகிறது.

இதன் சிறப்பியல்புகளுள் பின்வருவன முக்கியமானவை:

• படிமுறைப் பாகுபடுத்தல்: நிரலில் ஓர் எழுத்து மாறினால், மாறிய பகுதியைச் சார்ந்த கிளைகள் மட்டுமே மீண்டும் உருவாக்கப்படுகின்றன. ஏனையவை பழைய மரத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன.
• பிழை தாங்குதல்: நிரல் பாதி எழுதப்பட்ட நிலையிலும் மரம் கிடைக்கும். பிழையுள்ள பகுதி மட்டும் பிழைக்கணு எனக் குறிக்கப்படும்.
• வினவல்: மரத்தில் குறிப்பிட்ட வடிவில் அமைந்த கணுக்களைத் தேடி எடுப்பதற்குத் தனி வினவல் மொழி உண்டு.

மொழி மாதிரிகளில் பயன்பாடு

ஒரு மொழி மாதிரி ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய உரையின் அளவுக்கு வரம்பு உள்ளது. எனவே பெரிய மென்பொருள் திட்டத்தின் நிரல் முழுவதையும் அதற்குக் கொடுக்க இயலாது. தேவையானதைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். நிரலை நூறு நூறு வரிகளாக வெட்டினால், ஒரு செயற்கூறின் பெயர் ஒரு துண்டிலும் அதன் உடற்பகுதி மற்றொரு துண்டிலும் அமைந்துவிடலாம். அரைகுறைத் துண்டைப் பெறும் மாதிரி, விடுபட்டதைத் தானே ஊகித்துத் தவறான விடை தரக்கூடும். தொடரியல் மரம் இருப்பின், செயற்கூறு, வகுப்பு ஆகியவற்றின் எல்லைகளிலேயே வெட்டலாம்.

2019 இல் வெளியான கோடுசர்ச்நெட் தரவுத்தொகுப்பில், கோ, சாவா, யாவாசிகிரிப்டு, பி.எச்.பி., பைத்தான், ரூபி ஆகிய ஆறு மொழிகளின் செயற்கூறுகள் டிரீ-சிட்டர் கொண்டு பிரித்தெடுக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 60 இலட்சம் செயற்கூறுகள் உள்ளன. எய்டர் என்னும் கட்டற்ற நிரலாக்கத் துணைக்கருவி, 2023 முதல் டிரீ-சிட்டர் மூலம் ஒரு திட்டத்தின் வரையறைகளையும் மேற்கோள்களையும் திரட்டுகிறது. எந்தக் கோப்பு எதைப் பயன்படுத்துகிறது என்பதை வலையமைப்பாக்கித் தரவரிசைப்படுத்தி, முதன்மையானவற்றை மட்டும் சுருக்க வரைபடமாக மாதிரிக்கு அளிக்கிறது.

பன்மொழி நிரலகம் அமைப்பதில் உள்ள சிக்கல்கள்

டிரீ-சிட்டர் பொதுவான மரத்தைத் தந்தாலும், கணுக்களின் பெயர்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. செயற்கூறு என்னும் ஒரே கருத்து பைத்தான் இலக்கணத்தில் ‘பங்சன் டெபினிசன்’ எனவும், யாவாசிகிரிப்டில் ‘பங்சன் டிக்ளரேசன்’ எனவும், ரசுட்டில் ‘பங்சன் ஐட்டம்’ எனவும் வழங்குகிறது. ஆகவே பல மொழிகளுக்கான பகுப்பாய்வு நிரலகத்தை எழுதுவோர், ஒவ்வொரு மொழிக்கும் தனி வினவல்களை எழுதி, விடைகளைப் பொதுப் பெயர்களின் கீழ்க் கொண்டுவர வேண்டியுள்ளது.

மற்றொரு சிக்கல் எழுத்துக் குறியாக்கம் பற்றியது. டிரீ-சிட்டர் கணுக்களின் இடத்தைப் பைட்டுகளில் கணக்கிடுகிறது. யு.டி.எப்-8 முறையில் தமிழ் ஒருங்குறிப் புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகளே உள்ளன. ஆனால் அது 5 ஒருங்குறிப் புள்ளிகளையும் 15 பைட்டுகளையும் கொண்டது. நிரலின் குறிப்புரையில் இச்சொல் ஒருமுறை வந்து, பைத்தானில் பைட்டுக் கணக்கை அப்படியே சரத்தின் மீது பயன்படுத்தினால், அதற்குப் பின்வரும் செயற்கூறுகள் யாவும் 10 இடங்கள் தள்ளி வெட்டப்படும். ஆங்கிலக் குறிப்புரைகள் மட்டும் உள்ள நிரலில் இப்பிழை வெளிப்படாது. முதலில் பைட்டுகளாகவே வெட்டி, பின்னர் சரமாக மாற்றுவதே இதற்குரிய தீர்வாகும்.

வரம்புகள்

டிரீ-சிட்டர் தொடரியலை மட்டுமே அறியும், பொருளை அறியாது. இரு கோப்புகளில் ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருப்பின், ஓர் அழைப்பு எதைக் குறிக்கிறது என்பதை மரம் மட்டும் கொண்டு உறுதி செய்ய முடியாது. மாறியின் தரவுவகையும் அவ்வாறே. அவற்றை அறிய நிரல்மொழிமாற்றியோ மொழி வழங்கியோ தேவை. எனினும் அவை மொழிக்கு ஒன்றாக நிறுவப்பட வேண்டியவை. பெரும்பாலும் திட்டத்தின் சார்புநிரல்கள் முழுமையாக இருப்பதையும் எதிர்பார்ப்பவை. டிரீ-சிட்டருக்குக் கோப்பு ஒன்றே போதும். இதனால் விரைவான முதற்கட்டப் பகுப்புக்கு டிரீ-சிட்டரும், துல்லியம் தேவைப்படும் இடங்களில் மொழி வழங்கியும் எனச் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

• பாகுபடுத்தி
• நிரல்மொழிமாற்றி
• ஒருங்குறி
• கட்டற்ற மென்பொருள்