நரகம் இல்லாவிட்டாலும் வருவீர்களா?

ரவாங்கில் ஞாயிறு பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். “டீச்சர், நரகமே இல்லேன்னா நீங்க கோவிலுக்கு வருவீங்களா?” என்று புதுநன்மைக்குத் தயாராகும் ஒரு சிறுமி கேட்டாள். வருவேன் என்றேன்.

திருச்சபைக்கு இது பழைய வழக்கு. தண்டனைக்கு அஞ்சி வரும் மனஸ்தாபம் மனிதரை வெளிவேடக்காரராக்கும் என்றார் மார்ட்டின் லூத்தர். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் அதை மறுத்தது: பாவத்தை விட்டுவிடும் உறுதியும் மன்னிப்பில் நம்பிக்கையும் சேர்ந்திருந்தால், அந்த அச்சமும் கடவுளின் கொடையே. ஆனால் அது குறைவுள்ளது. அன்பினால் வருவதே உத்தமமானது.

நம் வீடுகளில் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் கவனியுங்கள். கடவுளை முழுமனதோடு நேசிப்பதில்தான் அது தொடங்குகிறது. மோட்சம் வருகிறது, நரகம் வருவதே இல்லை.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டே அந்த மந்திரத்தை முணுமுணுப்பார். சம்பளம் வந்ததும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துப் பால்மாவு வாங்குவார். அந்தக் குடும்பம் மாரியம்மனைக் கும்பிட்டது. எந்தத் தண்டனைக்குப் பயந்து அவர் வாங்கினார்?

அச்சம் ஒருவரை வாசல்வரை கொண்டுவரலாம், அதை நான் மறுக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்கு முதல் பாடமே எரிநெருப்பாக இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.