வாளிக்குள் சீனி எதற்கு?

ஜொகூரின் ஸ்கூடாய், கூலாய் பக்கத்துத் தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்தில் இப்போது ஆங்காங்கே ஒரு வாளி குமிழ்விட்டுக்கொண்டிருக்கிறது. மீன்தொட்டிக்கு வாங்கிய காற்றுப் பம்பு, குழாய் நுனியில் ஒரு கல், பழைய காலுறைக்குள் கட்டித் தொங்கவிட்ட இரண்டு கைப்பிடி மக்கு உரம். தண்ணீர் இருபது லிட்டர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓர் இரவு திறந்து வைத்தது. ஒரு நாளில் மேலே பழுப்பு நுரை கட்டும். மழை விழுந்த மண்ணின் வாசம் வந்தால் செடிக்கு ஊற்றலாம். சாக்கடை வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். ஊற்றுவதையும் ஆறப்போடக் கூடாது. பம்பை நிறுத்திய நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

'உயிருள்ள மண்' பற்றி எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டது. இந்த வாளித் தண்ணீரின், அதாவது கம்போஸ்ட் டீயின், பெருமையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கோ போன இடமெல்லாம் வாளிக்குப் பக்கத்தில் இருந்த சீனிப் பொட்டலம்தான் கண்ணில் பட்டது.

இந்தச் செய்முறையை உலகமெங்கும் பரப்பியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் இலெய்ன் இங்கம். நம்மவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் குளிர்நாட்டுக் குறிப்புகளே. 24 மணி நேரம், 36 மணி நேரம் காற்று ஊத வேண்டும் என்று அவற்றில் இருக்கும். நம் வெயிலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஜொகூர் வெயிலில் மதிய நேரத்து வாளி 30-ஐத் தொடாமல் இருக்காது. சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி மூச்சும் அதிகம் வாங்கும். தண்ணீரில் காற்று குறைவு, கேட்கும் வாய்களோ அதிகம். இடி மின்னலில் கரண்டு போனால் கதை முடிந்தது. வாளியை நிழலில் வைத்து, இரவு போட்டதை மறுநாள் மாலைக்குள் இறக்கிவிடுகிறவர்களே விவரமானவர்கள்.

சீனிக்கு வருவோம். மூலக் குறிப்பில் இருப்பது மொலாசஸ், அதாவது கரும்பாலையில் மிஞ்சும் கரும்பாகு. அது கிடைக்காதபோது பழுப்புச் சீனி, கூலா மெலாக்கா, கருப்பட்டி என்று கைக்கு அகப்பட்டது விழுகிறது. இனிப்புநீர் பயத்தில் சீனி டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகளில்கூட வாளிக்கு மட்டும் தாராளம்! பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டாமா என்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் கல்யாணப் பந்தியில் அழைக்காதவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். மக்கு உரத்தில் கொஞ்சமாக ஒட்டியிருக்கும் ஈ-கோலை, சால்மொனெல்லா போன்றவையும் அதே இனிப்பைத் தின்று அதே வேகத்தில் பெருகும். மொலாசஸ் கூடக் கூட இந்த நோய்க்கிருமிகளும் கூடுகின்றன என்பதை 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 2007-இல் வந்த இன்னொன்று, தீனி சேர்த்த வாளியில் காற்று ஊதினாலும் அவை வளர்கின்றன, தீனி இல்லாத வாளியில் வளரவில்லை என்றது. காற்று உள்ளே போகிறது, கெட்ட கிருமி செத்துவிடும் என்று நம்மிடையே உலவும் நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

அமெரிக்க இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த குழுவும் 2004-இலேயே இந்த ஆபத்தை மனத்தில் வைத்துத்தான் பரிந்துரை செய்தது. தீனி சேர்த்த கம்போஸ்ட் டீயைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தினால் அதைப் பச்சைச் சாணமாகவே கருத வேண்டும்; விளைச்சல் மண்ணைத் தொடும் பயிர் என்றால் அறுவடைக்கு 120 நாள் முன்பே ஊற்றுவதை நிறுத்த வேண்டும், தொடாத பயிருக்கு 90 நாள்.

நம் வேலியோரத்தில் இருப்பதோ வல்லாரை, ஊலாம் ராஜா, சிறகவரை. மலாய்க்காரர் வீட்டில் பழகி நம் வீட்டுக்கும் வந்துவிட்ட ஊலாம் தட்டு. பச்சையாகக் கழுவி, சம்பல் பெலாச்சானில் தொட்டுச் சாப்பிடுவது. வல்லாரை தரையோடு தரையாகப் படர்வது, சட்டியில் வேகாதது. காலையில் இலைமேல் தெளித்ததை மாலையில் பறிக்கும் வீடுகளைப் பார்த்தேன். போதாக்குறைக்கு, கோழிப்பண்ணைகள் நிறைந்த மாநிலம் இது. மலிவான மூட்டை எரு என்றால் கோழி எருதான். கிருமி சாகும்படி குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, பலமுறை கிளறப்பட்டு, இரண்டு வாரமாவது அந்தச் சூட்டில் இருந்ததா என்பது மூட்டைமேல் எழுதியிருக்காது. மண்புழு உரத்துக்கோ அந்தச் சூடே கிடையாது.

பஞ்சகவ்யத்தில் வெல்லம் போடுகிறோமே, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. அது நாள்கணக்கில் புளிக்கவிடுவது, ஒரே நாளில் இறக்குவதல்ல.

இவ்வளவு பாடுபட்டு ஊற்றினால் மண்ணுக்கு என்ன கிடைக்கிறது? குளுவாங் மாவட்டத்து ரெங்கம் பட்டணத்தின் பெயரிலேயே மலேசிய மண் வகைகளில் ஒன்று உண்டு, ரெங்கம் தொடர். கருங்கல் சிதைந்து உண்டான செம்மஞ்சள் களி. புளிப்பு அதிகம், பி.எச். 4-க்கும் 5-க்கும் நடுவில். பாஸ்பரஸ் போட்டால் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் போட்டால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை அடித்துக்கொண்டு போகும். அந்த மண்ணில் வெறுந்தரையாகக் கிடக்கும் பாத்தியில் கோடிக்கணக்கான பாக்டீரியாவை ஊற்றினால் அவை எதைத் தின்று பிழைக்கும்? பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு இது தெரியும். நிரைகளுக்கு நடுவே பூரேரியா, கலோபோகோனியம் என்று அவரை இனக் கொடிகளைப் படரவிட்டுத் தரையை மூடித்தான் வைத்தார்கள். செம்பனை வந்த பிறகு, ஆலையில் பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளை மரத்தடியில் பரப்பினார்கள். வாளி இல்லாமலே மண் உயிரோடு இருந்தது. டீ ஊற்றிய பிறகு செடி தளதளவென்று வருகிறது என்று சத்தியம் செய்பவர்களை நான் மறுக்கவில்லை. கூடவே அவர்கள் போட்ட மக்கு உரத்தைக் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நுண்ணுயிருக்குக் காற்றும் தீனியும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பொந்தியான் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அன்னாசி விளையும் கரிச்சேற்று நிலம். இலைதழை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் மக்காமல் சேர்ந்தது. கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் காற்று உள்ளே போனது, நுண்ணுயிர்கள் நிலத்தையே தின்னத் தொடங்கின. மேற்கு ஜொகூரில் 1970, 80-களில் அளந்தபோது நிலம் ஆண்டுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டிருந்தது.

வாளியை விட மனமில்லாதவர்கள் சீனியை மட்டும் விட்டுவிடுங்கள். நுரை குறையும், வேறொன்றும் குடிமுழுகாது. இலைமேல் தெளிக்காமல் தூரில் ஊற்றுங்கள். காலுறையில் மிஞ்சுகிற சக்கையைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். சத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. மிளகாய், கத்தரித் தூரில் போட்டுக் காய்ந்த இலையால் மூடலாம். வல்லாரைப் பாத்திக்கு அந்த வாளியே வேண்டாம்.