கோபியில் ஒரு கடை, கூகுள் மேப்பில் ஒரு புள்ளி: வரவு செலவுக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோபிசெட்டிபாளையம் நகராட்சியில் 59,523 பேர். ஈரோடு மாவட்டத்தில் 22,51,744 பேர். அதாவது மாவட்டத்தில் 100 பேருக்கு 2.6 பேர்தான் கோபி நகர எல்லைக்குள் வசித்தார்கள். கோபியின் கடைவீதி இந்த 2.6 சதவீதத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை. ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக உதகைக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை 15 கோபி வழியாகத்தான் செல்கிறது. ஈரோடு சுமார் 35 கி.மீ., சத்தி சுமார் 25 கி.மீ., கொடிவேரி அணை சுமார் 15 கி.மீ. இந்தத் தடத்தில் வருகிறவர்களுக்குக் கடையின் பெயர் தெரியாது. கைபேசியில் 'பக்கத்தில் எங்கே' என்று தேடுவார்கள். அந்தத் தேடலில் கடை வருகிறதா, வந்தால் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு, பலன் எவ்வளவு என்று பார்க்கலாம்.

முதலில் தூரம். உள்ளூர்த் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், தொலைவு, பிரபலம் என்ற 3 அளவுகோல்களைப் பயன்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. பணம் கொடுத்து அந்த வரிசையில் முன்னேற முடியாது என்றும் சொல்கிறது. தொலைவின் எடையை எளிய வடிவியல் காட்டும். 1 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 ச.கி.மீ.; 5 கி.மீ. ஆரத்துக்கு 78.5, 10 கி.மீ. ஆரத்துக்கு 314. ஆரம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்கு. போட்டிக் கடைகள் அப்படியே 100 மடங்கு ஆகிவிடாது, ஏனென்றால் இடையில் வாய்க்காலும் வயலும் தோப்பும் இருக்கின்றன. ஆனாலும் கோபியின் கச்சேரிமேட்டில் நின்று தேடுபவருக்கு 500 மீட்டரில் உள்ள கடை, ஈரோட்டுக் கடையோடு மோத வேண்டியதில்லை. சிறு கடைக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் ஆதாயம் இது. கடை தன் இடத்தைத் தவறாகக் குறித்தால் மட்டுமே இது கைநழுவும்.

தவறு எந்த அளவில் நிகழ்கிறது? கோபி ஏறத்தாழ 11.45 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே 0.001 பாகைப் பிழை வடக்கு-தெற்கில் சுமார் 111 மீட்டர், கிழக்கு-மேற்கில் சுமார் 109 மீட்டர். 0.01 பாகை என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 111 மீட்டர் நடக்க ஒன்றரை நிமிடம் போதும், ஆனால் கடைவீதியில் அது அடுத்த தெரு. கூகுள் மேப்பில் காணப்படும் இடக் குறியீடான பிளஸ் கோடு 10 எழுத்தாக இருந்தால், அது குறிக்கும் கட்டம் கோபியில் சுமார் 13.8 மீட்டருக்கு 13.6 மீட்டர். பரப்பு 188 ச.மீ., அதாவது ஏறக்குறைய 2,020 சதுர அடி, நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்குச் சற்று மேல். அதற்குள் அடுத்தடுத்து பல கடைகள் இருக்கலாம். 11 எழுத்தாக நீட்டினால் கட்டம் சுமார் 101 சதுர அடியாகச் சுருங்கும். அது 10-க்கு 10 அடி கடை ஒன்றின் அளவு. பஸ் ஸ்டாண்டு எதிரில் என்று முகவரி எழுதிவிட்டுப் புள்ளியைத் தானாக விழவிடுவதற்கும், கடை வாசலில் நின்று விரலால் நகர்த்தி வைப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் இவ்வளவு. செலவு 0 ரூபாய்.

அடுத்தது நேரம். தினமும் காலை 9 முதல் இரவு 9 வரை திறக்கும் கடை வாரத்துக்கு 84 மணி நேரம் இயங்குகிறது. கூகுளில் உள்ள கடையின் பதிவில் மூடும் நேரம் மாலை 6 என்று இருந்தால் கணக்கில் வருவது 63 மணி. 21 மணி நேரம், அதாவது உழைக்கும் நேரத்தில் 25 சதவீதம், கடை மூடியிருப்பதாகவே வாடிக்கையாளருக்குத் தெரியும். வேலை முடித்து ஊருக்குள் வருகிறவர்கள் பொருள் வாங்கும் நேரம் அந்த 21 மணிக்குள்தான் அடங்குகிறது என்பதால் உண்மையான இழப்பு 25 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். எதிர்த்திசைத் தவறும் சிறியதல்ல. திறந்திருப்பதாக நம்பிக் கொடிவேரிப் பக்கமிருந்து பைக்கில் வருபவருக்குப் போக வர 30 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 67 ரூபாய் வீண். பொங்கல், நோன்பி, குடும்ப விசேஷம் என்று மூடும் நாள்களைச் சிறப்பு நேரமாக முன்கூட்டியே பதிய வசதி உண்டு. என் மதிப்பில், படம் போடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

அந்த 67 ரூபாயை இழந்தவர் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போவார். 4 பேர் தலா 5 ஸ்டார் கொடுத்த கடையில் ஒருவர் 1 ஸ்டார் கொடுத்தால் கூட்டுத்தொகை 21, சராசரி 4.2. அதே ஒற்றை ஸ்டார் 49 ஐந்து ஸ்டார்களோடு சேர்ந்தால் சராசரி 4.92. 4.2-இலிருந்து 4.5-க்கு ஏற இன்னும் 3 பேர் 5 ஸ்டார் கொடுத்தால் போதும், 4.8-க்கு ஏற 15 பேர் வேண்டும். திருப்தியோடு போகும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு 15 ரிவியூ பெறுவது சில மாத வேலை. காசு கொடுத்து வாங்கலாமே என்ற ஆசை இங்கேதான் வருகிறது. அதன் அபாயத்தையும் எண்களே சொல்கின்றன. விதிமீறிய ரிவியூக்களாகக் கூகுள் தடுத்தவையும் நீக்கியவையும் 2022-இல் 11.5 கோடிக்கு மேல், 2023-இல் 17 கோடிக்கு மேல், 2024-இல் 24 கோடிக்கு மேல். முதல் ஆண்டு உயர்வு சுமார் 48 சதவீதம், அடுத்த ஆண்டு சுமார் 41 சதவீதம். பொய்கள் பெருகினவா, பிடிக்கும் திறன் கூடியதா என்பதை இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கிய ரிவியூ நிலைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று மட்டும் கொள்ளலாம். இந்தியத் தரநிர்ணய அமைவனமும் இணைய விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை 2022 நவம்பரில் வெளியிட்டது.

படத்துக்கு வருவோம். படங்கள் உள்ள பதிவுகளுக்கு வழி கேட்கும் கோரிக்கைகள் 42 சதவீதமும், இணையதளத்துக்குச் செல்லும் கிளிக்குகள் 35 சதவீதமும் அதிகம் என்பது கூகுள் தரும் கணக்கு. இதை அப்படியே கோபிக்குப் பொருத்தக் கூடாது. படம் போடும் கடைக்காரர் பொதுவாகவே அக்கறையானவராக இருப்பார், ஆக கூட்டம் படத்தால் வந்ததா, அக்கறையால் வந்ததா என்று சொல்வது கடினம். ஆனால் செலவு அற்பம். ஒரு படத்தின் உச்ச அளவு 5 எம்.பி.; 10 படங்களுக்கு 50 எம்.பி. 2014-இல் ஒரு ஜி.பி. சுமார் 269 ரூபாய் விற்றபோது இதற்கு 13 ரூபாய் ஆகியிருக்கும். ஜி.பி. சுமார் 9 ரூபாய் என்ற விலையில் 44 பைசா.

இனி மொத்தச் செலவு. 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று தொடங்கி 2021-இல் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறிய இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவைச் சரிபார்க்கப் பணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி. ஆகும் செலவு கடைக்காரரின் நேரம் மட்டுமே. தொடக்கத்தில் 3 மணி, பிறகு வாரம் 20 நிமிடம் என்று வைத்தால் ஆண்டுக்கு 20 மணி 20 நிமிடம். மணிக்கு 100 ரூபாய் மதிப்பிட்டால் 2,033 ரூபாய். இதையே ஓர் ஏஜென்ட் மாதம் 1,000 ரூபாய்க்குச் செய்து தருவதாகக் கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஆண்டுக்கு 14,160 ரூபாய். ஏறத்தாழ 7 மடங்கு.

மளிகைக் கடையில் சராசரி பில் 400 ரூபாய், அதில் லாபம் 15 சதவீதம், அதாவது 60 ரூபாய் என்று கொள்வோம். சொந்தமாகச் செய்தால் ஆண்டுக்கு 34 கூடுதல் பில்லில் முதல் திரும்பிவிடும். மாதம் 3 பில் போதும். ஏஜென்ட் மூலம் என்றால் 236 பில், மாதம் 20. புதிதாக வரும் வழிப்போக்கர்களை மட்டும் நம்பி மாதம் 20 பில் என்பது சிறு மளிகைக்கு எளிதல்ல.

மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குக் கணக்கே வேறு. ஒரு வேலைக்கு 1,500 ரூபாய், செலவு போக 600 நிற்கிறது என்றால், சொந்தமாகச் செய்ய 4 வேலை, ஏஜென்டுக்கு 24 வேலை. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் மோட்டார் நின்றுபோன தோட்டத்துக்காரர் தூரத்தைப் பெரிதாகப் பார்க்க மாட்டார், போனை எடுக்கும் பட்டறைக்கே வேலையைக் கொடுப்பார். இப்படி வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வேலை செய்யும் தொழிலுக்கு, சேவைப் பகுதி என்று 20 ஊர்கள் வரை பதியலாம். நம்பியூர், கவுந்தப்பாடி, கூகலூர், கொளப்பலூர், டி.என்.பாளையம் என்று 5 எழுதினாலும் இன்னும் 15 இடம் காலியாக இருக்கும்.